கொடிச்சியின் நெஞ்சுத் துடிப்பு

மேகம் உரசிப் போகும் ஒரு மலைக்காட்டில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் கொடிச்சி என்றொரு பெண் ஆடு இருந்தது. பிடிவாதத்தில் அதை மிஞ்ச அந்த மலையில் யாரும் கிடையாது.

ஒரு மழைநாளில் உச்சியிலிருந்து உருண்டு வந்த கல் ஒன்று கொடிச்சியின் தலையில் விழுந்தது. உயிர் தப்பியது. ஆனால் இடப்பக்கத்துக் கால்கள் இரண்டும் அதன் சொல் கேட்கவில்லை. முன்னே வை என்றால் பக்கவாட்டில் இழுத்தன. நில் என்றால் மடங்கின.

கூட்டத்தின் தலைவன் நெடுங்கொம்பன், கொடிச்சியை ஒரு கருமந்தியிடம் ஒப்படைத்தது. அடிபட்ட விலங்குகளுக்கு மறுபடி நடை பழக்குவதுதான் மந்தியின் வேலை. கெட்ட மந்தி அல்ல, அவசரக்கார மந்தி. மரக்கிளையில் உட்கார்ந்தபடி யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்க்கும். தூரம் போனால் உழைப்பாளி, போகாவிட்டால் சோம்பேறி. அதன் கணக்கு அவ்வளவுதான்.

தினமும் காலையில் கொடிச்சி சுனையிலிருந்து மேட்டில் ஏறும். சற்றுத் தூரத்தில் இருந்த முட்புதரை எட்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும், தொண்டை வறண்டு போகும். கிளையிலிருந்து பார்த்த மந்திக்கோ புதரோரம் சும்மா நிற்கும் ஓர் ஆடுதான் தெரிந்தது.

கோடை நெருங்கியது. கீழே புல் காய்ந்தது, செந்நாய்கள் நடமாடத் தொடங்கின. கூட்டம் உயரப் பாறைக்குப் போயாக வேண்டும். கொடிச்சி முயற்சியே செய்வதில்லை என்று மந்தி தலைவனிடம் போய்ச் சொன்னது. முயலாத ஒன்றுக்காகக் கூட்டம் காத்திருக்க முடியாது, அதை விட்டுவிட்டுப் போவோம் என்று தலைவனும் முடிவு செய்தது.

செய்தி கொடிச்சியின் காதுக்கு வந்தது. அதற்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காலை இழுத்துக்கொண்டே கூட்டத்தின் நடுவே போய் நின்றது.

“தலைவரே, நான் உழைக்கவில்லை என்று யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன். ஒரு நாளாவது நீ முட்புதரைத் தாண்டியிருக்கிறாயா?” என்று மந்தி கேட்டது.

“மந்தியாரே, நீங்கள் பார்த்தது நான் போன தூரத்தை. என் உழைப்பை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.”

பிறகு கொடிச்சி தலைவனிடம் ஒரு சோதனை கேட்டது. கூட்டத்திலேயே பலசாலியான சுருளன் என்ற கடா உச்சிவரை ஓடித் திரும்பட்டும், நான் முட்புதர்வரை போய்த் திரும்புகிறேன், கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எங்கள் இருவர் நெஞ்சிலும் காதை வைத்துக் கேளுங்கள் என்றது.

தலைவன் அப்படியே செய்தது. கிளம்பும் முன் இரண்டு நெஞ்சும் ஒரே நிதானத்தில் துடித்தன.

சுருளன் உச்சிக்கு ஓடித் திரும்பி, புல் மேயவும் ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகே கொடிச்சி தள்ளாடி வந்து சேர்ந்தது. ஓடி வந்ததுமே கேட்டபோதும் சுருளனின் நெஞ்சு சற்றே வேகமாகத்தான் துடித்திருந்தது. கொடிச்சியின் நெஞ்சோ விலா எலும்பே அதிரும்படி அடித்தது. தலைவன் வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

“பயத்தால் அப்படி அடிக்கும்” என்றது மந்தி.

“பயம் கிளம்பும்போதும் இருந்திருக்குமே. அப்போது அமைதியாகத்தானே இருந்தது? நீயே வந்து கேள்” என்றது தலைவன்.

கொடிச்சி நடை பழகத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக மந்தி மரத்தைவிட்டு இறங்கி அதன் அருகே வந்தது. காதை வைத்துக் கேட்டது. அதன் முகம் சுருங்கிப்போயிற்று. உச்சிக்குப் போனவனைவிட இதுதான் அதிகம் உழைத்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டது.

தலைவனுக்கு மனம் இளகிவிட்டது. இனி நீ கஷ்டப்பட வேண்டாம், இங்கேயே குகையில் படுத்திரு, காவலுக்கு ஆள் வைக்கிறேன் என்றது.

“நான் இரக்கம் கேட்கவில்லை. சரியான அளவுகோல்தான் கேட்டேன். நாளைக்கும் நான் மேடு ஏறுவேன்” என்றது கொடிச்சி.

மறுநாள் முதல் மந்தி அதன் பக்கத்திலேயே நடந்தது. எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அடிக்கடி கேட்டது. வரையாடுகள் வழக்கமாக அடிக்கும் சீழ்க்கையை அடிக்கும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறச் சொன்னது. பதில் சொல்லவும் மூச்சில்லை என்றால் நிறுத்தியது. மெல்ல மெல்ல முட்புதர் பின்னால் போனது.

கூட்டம் உயரப் பாறைக்கு ஏறும் நாள் வந்தது. கொடிச்சியின் கால்கள் முழுக்கச் சரியாகியிருக்கவில்லை. எல்லோருக்கும் முன்பாகக் கிளம்பி, எல்லோருக்கும் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிச் சரிவில் சுருளன் இறங்கி வந்து, முட்டி மேலே தள்ளிவிடட்டுமா என்று கேட்டது.

“வழியை விடு” என்றது கொடிச்சி.

தானாகவே ஏறியது. பாறைமேல் கால் பதித்து, நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கியது. அந்த மூச்சு அடங்கும்வரை, அத்தனை பசியிலும் கூட்டத்தில் ஓர் ஆடுகூடப் புல்லில் வாய் வைக்கவில்லை.

நீதி: ஒருவர் எவ்வளவு தூரம் போனார் என்று பார்த்து அவர் உழைப்பை அளக்காதே, அந்தத் தூரத்துக்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று பார்த்து அள.