காதுகுத்து வீடியோ நிறைத்த பெட்டி

கடைசிவரை பொறுமையாகக் கேளுங்கள். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அப்புறம் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் ஆலை நடத்துபவர் செல்வநாயகி. எங்கு பார்த்தாலும் காய்ந்த நார். ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருந்தார். எடுக்கும்போதே, அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். கம்பெனியும் பதிலுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால் தபாலில் அனுப்புவோம்.

பிறகு ஒரு நாள் ஆலையைப் பார்வையிட்ட கம்பெனி, ‘ஒயரெல்லாம் பழசு, ஒரு மாதத்தில் மாற்றாவிட்டால் காப்பீடு ரத்து’ என்று மின்னஞ்சல் அனுப்பியது. அங்கேதான் வந்தது வினை. அதற்குச் சில நாள் முன்புதான் செல்வநாயகியின் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டவர் தாய்மாமன், அதாவது செல்வநாயகியின் தம்பி தங்கவேலு. தான் கொண்டுவந்த சீர்த் தட்டு ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து, அத்தனையையும் அக்காவின் மின்னஞ்சல் கணக்கிலேயே ஏற்றிவைத்துவிட்டார் மனுஷன்! கணக்கில் இடமில்லாமல் போனது. கம்பெனியின் மின்னஞ்சல் உள்ளே நுழைய முடியாமல் வந்த வழியே திரும்பியது. தபால் எதுவும் வரவில்லை.

மாதம் கழிந்தது. பழைய ஒயரில் தீப்பற்றி ஆலை முழுக்கக் கரியானது. காப்பீடு செல்லாது என்றது கம்பெனி. வழக்கு, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போனது.

“சம்மதம் கொடுத்தது இவங்க. நாங்க அனுப்பிட்டோம். இவங்க பெட்டி நிறைஞ்சா நாங்க என்ன சார் பண்றது?” என்றார் கம்பெனி மேலாளர் ரெஜினால்டு.

தங்கவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தப்பு என்னுதுங்க. அக்கா பொழப்புல நானே மண்ணைப் போட்டுட்டனுங்க.”

“திரும்பி வந்த மின்னஞ்சலை யார் பார்த்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“அது பதில் போடக் கூடாத முகவரி சார். அந்தப் பெட்டியை எங்க ஆபீஸ்ல யாருமே திறக்கறதில்லை. சேரலைன்னு தெரிஞ்சாத்தானே தபால் அனுப்ப முடியும்?”

ஆலை மறுபடி எழும்புமா என்பது இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பெட்டியை நிறைத்தவர் தம்பி. அதைக் கவனிக்காமல் விட்டவர் அக்கா. அனுப்பியதோடு கையைத் துடைத்துக்கொண்டது கம்பெனி. நீங்களே சொல்லுங்கள், இதில் யார் பொறுப்பு?

விடை: கம்பெனிதான். அக்காவும் தம்பியும் அசட்டையாக இருந்தது நிஜம். ஆனால் மின்னஞ்சல் சேராமல் போனால் என்ன செய்வது என்பதற்காகத்தானே அந்த வாக்கே? சேரவில்லை என்ற சேதி கம்பெனியின் வாசலுக்கே வந்துவிட்டது. கதவைத் திறக்காமல் இருந்துவிட்டு, தெரியாது என்று சொல்ல முடியாது. ரத்து செல்லாது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே செல்வநாயகி எழுந்து மேலாளரிடம் ஒன்று கேட்டார்.

“ஏனுங்க, நான் பாக்காத பெட்டிக்கு நான் பொறுப்புன்னா, நீங்க பாக்காத பெட்டிக்கு யாருங்க பொறுப்பு?”