லாந்தர் பொண்ணும் ரெஜினா கடைப் பெட்டியும்

காலை என் மேல போடாம நேராப் படு. ம் கொட்டிட்டே வரணும், இல்லைன்னா அத்தை பாதியில நிறுத்திட்டுத் தூங்கப் போயிடுவேன்.

ஒரே ஒரு ஊர்ல, கடலைப் பாத்தாப்ல ஒரு வீடியோ கேம் கடை இருந்துச்சாம். கடைக்காரி பேரு ரெஜினா. அவளுக்கு ஒரே பொண்ணு ஜெசிந்தா, உன் வயசுதான், உன்னை மாதிரியே வாயாடி. கடையில பீரோ உசரத்துக்கு ரெண்டு கேம் பெட்டி. ஒண்ணுல காரு, விர்ர்ர்ருனு ஓடும். இன்னொண்ணுல பேய் பங்களா. ஒரு சின்னப் பொண்ணு கையில லாந்தரை வெச்சுக்கிட்டு தடதடதடன்னு படியேறி ஓடும், பின்னாடியே பேய் துரத்தும். அந்தப் பொண்ணோட முதுகுதான் தெரியும். மூஞ்சியை யாருமே பாத்ததில்லை. ம்?

அப்புறம், ஒரே கேமை எத்தனை நாள்தான் ஆடுவாங்க? பசங்க வர்றது குறைஞ்சு போச்சு. அதுக்கு அந்தத் தொழில்ல ஒரு வழி வெச்சிருந்தாங்க. பெட்டியோட முதுகைத் திறந்தா உள்ள பச்சையா ஒரு தகடு இருக்கும், அதுக்குப் பேரு போர்டு. கேம் பூரா அதுலதான் இருக்கு. இதோடதை அதுல, அதோடதை இதுல மாட்டிட்டா, வாசல்கிட்ட இருக்கற பெட்டியில வேற கேம் வந்துடும். புதுசு வந்திருக்குன்னு பசங்க மறுபடி ஓடி வருவாங்க. ஏமாந்த கூட்டம்.

ஆனா ஒண்ணு. பெட்டியை அணைச்சா, படம் சுருங்கிச் சுருங்கி நடுவுல வெள்ளைப் புள்ளியா நிக்கும். அந்தப் புள்ளி போற வரைக்கும் போர்டுல கை வைக்க மாட்டாங்க. உள்ள இருக்கறவங்க இன்னும் வீடு போய்ச் சேரலைன்னு அர்த்தமாம்.

ஒரு நாள் தேர்த் திருவிழா. வாசல்ல பசங்க கத்துறாங்க, ரெஜினாவுக்கு அவசரம். புள்ளி இருக்கறப்பவே டக்குனு போர்டை உருவிட்டா.

அப்போ, மாத்தி மாட்டி சுவிட்சைப் போட்டா, கார் ஓடுது, ஆனா ரோட்டு நடுவுல லாந்தர் பொண்ணு நிக்குது. இன்னொரு பெட்டியில பேய் மட்டும் தனியா படியில ஏறி இறங்கித் தேடுது. ஜெசிந்தா சிரிச்சுக்கிட்டே போய்க் கண்ணாடியில கையை வெச்சா. அந்தப் பொண்ணு மெதுவா, மெதுவாத் திரும்பிச்சு.

எங்க, ம் சத்தத்தைக் காணோம்? பயமா இருந்தா போர்வையை இழுத்துக்க.

அப்புறம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தா. சாப்பிடலை, பேசலை. நடந்தா நேரா நடக்கறா, திரும்பினா வெடுக்குனு திரும்பறா. பின்னாடி யாராவது வந்தா தடதடன்னு மாடிப்படி ஏறி ஓடிடறா. கையைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. காலையில ரெஜினா அவளையும் கூட்டிட்டுப் போய்க் கடையைத் திறந்து கார் பெட்டியைப் போட்டா, ரோட்டுல நிக்கறது யாரு? ரெட்டைச் சடை, திருவிழாவுக்கு எடுத்த மஞ்சக் கவுன். அவ பெத்த பொண்ணு. வாய் அசையுது, சத்தம் வரலை. கார் அவ மேலயே ஏறி ஏறிப் போகுது.

ரெஜினா பெட்டியை அணைச்சா, புள்ளி போற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, ரெண்டு போர்டையும் பழையபடி மாட்டினா. அப்போ லாந்தர் பொண்ணுக்குப் பதிலா ஜெசிந்தா பங்களாவுக்குள்ள வந்துட்டா. கையில லாந்தர். பின்னாடி பேய்.

அந்த கேம்ல மூணு உயிர்தான். ரெஜினா பெட்டியில ஆளை ஓட்டற குச்சியைப் பிடிச்சா. தடதடதட, பாதிப் படியிலயே பேய் பிடிச்சுருச்சு. டொய்ங்ங். ஒரு உயிர் போச்சு. மறுபடி ஓட்டினா, கை வேர்த்துக் குச்சி வழுக்கிருச்சு. டொய்ங்ங். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போனா ஜெசிந்தா போனதுதான்.

அப்போ ரெஜினா திரும்பி, ஜெசிந்தா மாதிரி நிக்கற அதுகிட்டக் கேட்டா, "உன் இடத்துக்குப் போயேண்டி. என் பொண்ணை விட்டுடு."

"போனா மறுபடி ஓடணும். கால் வலிக்குது."

ரெஜினாவுக்கு என்னமோ போலாயிடுச்சு. இத்தனை வருஷம் ஓட விட்டவளே அவதானே. பாவமா இருந்துச்சு, தன் மேலயே கோவமாவும் வந்துச்சு.

"மேல போனா என்ன இருக்கு?"

"மொட்டை மாடி. நிலா. ஆனா உட்கார விட மாட்டாங்க. உடனே பட்டனை அமுக்கிடுவாங்க, மறுபடி கீழருந்து ஓடணும்."

"நான் உட்கார விடறேன். யாரும் பட்டனைத் தொட மாட்டாங்க. இது சத்தியம்."

அது அவ பக்கத்துல வந்து நின்னு வழி சொல்லிச்சு. "இடது பக்கம். நில்லு. பேய் தாண்டிப் போகட்டும். இப்ப ஏறு." தடதடதடதட, மொட்டை மாடி வந்துருச்சு. அது கண்ணாடியில கையை வெச்சுது. உள்ளருந்து ஜெசிந்தாவும் கையை வெச்சா. ங்ங்ங்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அம்மா, பசிக்குது."

ரெஜினா அவளைக் கட்டிப்பிடிச்சு அழுத அழுகை தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம்.

அப்புறம் அவ சொன்ன சொல்லைக் காப்பாத்தினா. குச்சி, பட்டன் ரெண்டையும் கழட்டிட்டா. பெட்டியை அணைக்கலை. லாந்தர் பொண்ணு நிலாவுல காலை நீட்டி உட்கார்ந்திருந்துச்சு.

ஆனா பேய் விடலையே. தினம் ஒரு படி ஏறுது. காலையில கடை திறந்தா, நேத்தைக்கு விட ஒரு படி மேல. ரெஜினா பாத்துக்கிட்டே இருக்கா. ஓட வைக்கலாம்னா குச்சி இல்லை, ஓட வைக்க மாட்டேன்னு சத்தியம் வேற. ஒரு நாள் பேய் மொட்டை மாடி வாசல்ல கால் வெச்சுது. ரெஜினா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்து பாத்தா, பேய் அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்கு. கண்ணு கூசக் கூடாதுன்னு லாந்தரை வாங்கித் தனக்கு அந்தப் பக்கமா வெச்சிருக்கு. பொண்ணு அது மடியில தலையை வெச்சுத் தூங்கிருச்சு.

ம்? இல்லை, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. லாந்தர் பொண்ணே தூங்கிருச்சு, கதைக்கும் தூக்கம் வந்துருச்சு. நீயும் கண்ணை மூடு.