இசக்கியம்மாள் கேட்ட ஒரிஜினல்

எங்கள் பாலிடெக்னிக்கில் ஆள் எடுக்க, பளபளக்கும் ஏ.சி. பஸ்ஸில் ஒரு கம்பெனி மேனேஜர் வந்து இறங்கினார். அவர் கனைத்தார், மைக்கும் கூடவே கனைத்தது.

"டியர் யூத்ஸ்! எங்ககிட்ட டேபிள் டென்னிஸ் இருக்கு, பிறந்தநாளுக்குக் கேக் இருக்கு, தினமும் கூட்டிட்டுப் போக இந்த பஸ்ஸே இருக்கு! நீங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுத்துடுங்க. ரெண்டு வருஷம் எங்க பீரோவில தூங்கட்டும். நம்பிக்கை இல்லாம இல்ல, சும்மா ஒரு பத்திரத்துக்கு!"

முப்பது பைல்கள் மேஜையில் விழுந்தன. எங்கள் வகுப்பு இசக்கியம்மாள் மட்டும் தன் பைலை விடவில்லை. அவளுக்கு வேலையும் வேண்டும், மாலைநேர பி.இ. சேர அந்த ஒரிஜினலும் வேண்டும்.

"தர்றேன் சார். பதிலுக்கு இந்த பஸ்ஸோட ஒரிஜினல் ஆர்.சி. புக்கைக் கொடுங்க. எங்க வீட்டு பீரோவும் நல்ல பீரோதான். டிரைவருக்கு ஜெராக்ஸ் போதும். நம்பிக்கை இல்லாம இல்ல, சும்மா ஒரு பத்திரத்துக்கு!"

மேனேஜர் குரல் கீச்சென்று ஏறியது. "ஏம்மா, ஒரிஜினல் இல்லாம பஸ் எங்கம்மா போகும்? வழியில மடக்க மாட்டாங்களா?"

"அப்போ நாங்க மட்டும் எங்க சார் போவோம்?"

வாசலில் நின்ற டிரைவர்தான் முதலில் சிரித்தார். முப்பது பைல்களும் மேஜையிலிருந்து அவரவர் மடிக்குத் திரும்பின. வெறுங்கையோடு ஊர் திரும்பப் பயந்த மேனேஜர், "சரி, ஜெராக்ஸே கொடுங்க" என்று முனகினார்.

இசக்கியம்மாள் உடனே நீட்டினாள். முந்தின நாளே எடுத்து வைத்திருந்தாள்.