பதினேழு பேர் வைத்த ஒரு கஞ்சிக் கலயம்

மணல்மேட்டுச் சீமையில் மழை பெய்யாத வருஷம் உண்டு, தமுக்கு அடிக்காத நாள் கிடையாது. அரசர் இராயப்ப பூபதி கிறிஸ்து வேதத்துக்கு வந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. புதுப் பக்தி! தவசுக் காலத்தில் அவர் சாப்பிடாமல் இருந்தால், "அரசர் இன்று ஒருபொழுது!" என்று நாலு தெருவிலும் தமுக்கு முழங்கும். கேட்டவர்களுக்குத்தான் பசி எடுக்கும்.

ஊரையும் புண்ணியவழியில் நடத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மத்தியானச் செபத்துக்கு வராதவர்களைக் குறித்துக்கொள்ளக் கோயில் வாசலில் ஆள் போட்டார். வராதவர் பட்டியலில் முதல் பெயர் எந்நாளும் மீன்காரி மதலேனம்மாளுடையதுதான். அவள் வாயோ, ஊரறிந்த வாய்.

ஒருநாள் காலையில் அரசர் மந்திரி சந்தியாகுவை அழைத்தார்.

"உனக்கு இரண்டு வேலை. உப்பளத்துக்கு அப்பால் அம்மை கண்டவர்களை வைத்திருக்கும் கொட்டகை இருக்கிறதல்லவா? ஊரே செபத்தில் இருக்கும் நேரத்தில் யாரோ அங்குள்ள கல்லின்மேல் கஞ்சிக் கலயம் வைத்துவிட்டுப் போகிறார்களாம். ஆளைக் கண்டுபிடி. பாஸ்கு என்னும் உயிர்ப்புத் திருவிழாவில் அவரை என் தங்கக் குடையின் கீழ் அழைத்துப் போகவேண்டும்."

"இரண்டாவது, அரசே?"

"அந்த மதலேனம்மாளைப் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டு விரட்டு. செபத்துக்கு வராதவள் என் சீமைக்கு ஆகாது."

சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது. ஊரே கோயிலில் இருக்கும்போது கஞ்சி வைப்பவர், கோயிலில் இல்லாதவராகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் சொன்னால் அரசர் நம்பமாட்டார். அவளைக் கேட்டாலோ நாலு வசவுதான் மிஞ்சும். பொழுது சாய்வதற்குள் வழி பார்க்கவேண்டும்.

"குடையைப் பற்றி ஊருக்குத் தமுக்கு போடலாமா, அரசே?"

"போடு, போடு!"

தமுக்குச் சத்தம் அடங்குவதற்குள் அரண்மனை வாசலில் பதினேழு பேர் வரிசை கட்டினார்கள். அரசரும் மந்திரியும் வந்து பார்த்தபோது முதலில் நின்றவர் தளவாய் ஆரோக்கியநாதர்.

"கஞ்சி வைத்தது அடியேன்தான். கோயில் பின்வாசல் வழியே நழுவி, ஒருவருக்கும் தெரியாமல் வைத்தேன்."

"ஒருவருக்குமே தெரியாதா?" என்றார் சந்தியாகு.

"தெரியவே தெரியாது. வேண்டுமானால் கேளுங்கள், மூன்று சாட்சிகளைக் கூட்டி வந்திருக்கிறேன்."

அரசர் தலையில் கை வைத்துக்கொண்டார். சந்தியாகு வரிசை முழுவதற்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஐயாமாரே, ஒரு சங்கதி. நேற்றைய கஞ்சியில் பல்லி விழுந்திருந்ததாம். கொட்டகையில் ஆறு பேருக்கு வாந்தி. கஞ்சி வைத்தவருக்கு நூறு கசையடி. யார் யார் வைத்தீர்கள்?"

தளவாய் தொண்டையைக் கனைத்தார். "யோசித்துப் பார்த்தால், நான் வைத்ததாகக் கனாக் கண்டிருக்கிறேன் போலிருக்கிறது." அவருடைய சாட்சிகள் அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்கள். மற்ற பதினாறு பேரும் போன இடம் தெரியவில்லை.

"இந்தச் சங்கதியையும் தமுக்கடிக்கச் சொல்லிவிட்டு, வாருங்கள் அரசே, கொட்டகைவரை போய்வருவோம்" என்றார் சந்தியாகு.

இருவரும் உப்பளத்துப் பனைமர நிழலில் போய் நின்றார்கள். சற்றைக்கெல்லாம் ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கையிலிருந்த சுக்குக் கஷாயத்தில் ஆவி பறந்தது. மதலேனம்மாள்தான்!

அரசரைக் கண்டும் அவள் நிற்கவில்லை. "ராசா, கஞ்சி வச்சவ நாந்தான். அடிக்கறதுன்னா அப்புறமா அடிங்க. மொதல்ல இந்தக் கசாயத்தக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"நில்லம்மா. யாருக்கும் வாந்தி இல்லை. பல்லியும் இல்லை" என்றார் சந்தியாகு.

அவ்வளவுதான். மந்திரியின் ஏழு தலைமுறையும் அங்கே ஏலம் போயிற்று. அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் அரசர் கேட்டார்.

"குடை தருவதாகச் சொன்னேனே, ஏன் வரவில்லை?"

"மீன் கூடையே தலைக்குப் பாரம் ராசா."

"சரி. செபத்துக்காவது வரலாமே?"

"கோயில்ல இருக்க சாமிக்குப் பசி இல்ல ராசா. இங்க கெடக்க சாமிக்குத்தான் பசி."

சந்தியாகு மெதுவாகச் சொன்னார்: "குடை பதினேழு பேரைக் கூட்டிவந்தது. கசை அத்தனை பேரையும் விரட்டியது. இவளை இரண்டும் அசைக்கவில்லை, அரசே."

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவள் ஊரில்தான் இருப்பாள்! இனி எவரும் தாம் செய்த நன்மையைத் தமுக்கடிக்கக் கூடாது. இதை இப்போதே ஊரெங்கும் தமுக்கடி..." என்று தொடங்கியவர், மந்திரியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் தமுக்கு முழங்கவில்லை. மத்தியானச் செபத்துக்கு வராதவர் பட்டியலில் அதிசயமாக முதல் பெயர் அரசருடையது. தலைவலியாம். சாயங்காலம் மதலேனம்மாள் மந்திரி வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

"அய்யா, எங் கலயத்துக்குப் பக்கத்துல எவனோ இன்னொரு கலயம் வச்சிருக்கான்! ஒரே அடிப்பிடிச்ச நாத்தம். உப்ப ரெண்டு தடவ போட்டிருக்கான். அடுப்பையே பாக்காத கை!"

அடுத்த நாள் சபையில் அரசரின் விரலில் துணிக்கட்டு. உட்கார்ந்தார், நெளிந்தார், இரண்டுமுறை எழுந்தார். கடைசியில் தாளமாட்டாமல் சந்தியாகுவின் காதருகே குனிந்தார்.

"அந்தக் கஞ்சி... எப்படி இருந்ததாம்?"

சந்தியாகு பணிவாகக் கைகட்டி நின்றார்.

"எந்தக் கஞ்சி, அரசே?"

அரசர் விழித்தார். பிறகு சிம்மாசனமே குலுங்கும்படி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முத்து மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார்.

"இது எதற்கென்று யாரிடமும் சொல்லிவிடாதே!"