கோதண்டபாணியின் பூந்திக்கொட்டைத் தண்ணீர்

"நீங்க சொன்ன அளவுலதான் செஞ்சேன் டீச்சர். ஆனா என் வீட்டுக்காரி கை இன்னும் ஆறலை."

கோதண்டபாணி இப்படிச் சொன்னதும் வகுப்பிலிருந்த பதினெட்டுப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அவர் ஒருவர்தான் ஆண். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஜெசிந்தா டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான். புதன்கிழமைதோறும் மகளிர் குழுக் கட்டடத்தில் பினாயில், சோப்பு, பல்பொடி எல்லாம் வீட்டிலேயே குறைந்த செலவில் செய்யச் சொல்லிக்கொடுப்பார்.

கோதண்டபாணி அங்கே சேர்ந்ததற்கு ஒரே காரணம் மனைவி சௌந்தரத்தின் கை. கடைத் தூள் போட்டுப் பாத்திரம் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மருந்து தடவினால் ஆறும். தேய்த்தால் மறுபடி வெடிக்கும். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பினாயில் செய்தார். தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் துணி சோப்பு. வேட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு வந்தார்.

சோப்பு மாதிரி நுரைக்கும் பூந்திக்கொட்டையை முதல் நாளே ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, பிசைந்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் துளி உப்பும் சேர்க்க வேண்டும். அளவு டீச்சர் சொன்னது. அதற்கு மேல் போட்டதெல்லாம் அவருடைய சொந்த மூளை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதமாகச் சௌந்தரம் அதில்தான் தேய்க்கிறாள்.

"நுரை எப்படி வருது ஐயா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவளைத்தான் கேக்கணும்."

"மீன்சட்டி வாடை போகுதா?"

"போகுதுன்னு சொன்னா."

"கைக்கு எப்படி இருக்காம்?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்றா."

டீச்சர் கொல்லைப்பக்கக் குழாயைக் காட்டினார். வகுப்புக்குச் சமைத்த சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, அடிபிடித்த பால் பாத்திரம், கரண்டிகள், எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. மாதிரி காட்டக் கோதண்டபாணி கொண்டுவந்திருந்த பாட்டிலையே எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுல தேய்ச்சுக் கொண்டாங்க."

மலைப்பாதையில் பஸ் திருப்பியவருக்கு இது ஒரு வேலையா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கரண்டிகள் பளபளவென்று வந்தன. தன் சரக்கை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டும்போது கம்பி நார் விரலில் ஒரு கோடு கிழித்தது. சின்னக் கோடுதான். அதில் பாட்டில் தண்ணீர் பட்டதும் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. குழாயில் கையைக் காட்டினார். வாயால் ஊதினார். எப்படியோ மிச்சத்தையும் தேய்த்து முடித்து உள்ளே வந்தார்.

"எரியுது டீச்சர்."

அதில் என்ன போட்டார் என்று டீச்சர் விசாரித்தார். மீன் வாடை போகட்டுமென்று எலுமிச்சை இரண்டு பங்கு. சீக்கிரம் கெடக்கூடாதென்று ஒரு கைப்பிடிக் கல்லுப்பு. இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் அவருடைய விரலைப் பார்த்தார்.

"ஒரு கீறல்தானே ஐயா," என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரப் போனார்.

கோதண்டபாணிக்குச் சௌந்தரத்தின் வெடித்த விரல் இடுக்குகள் நினைவுக்கு வந்தன. அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் சௌந்தரம் மத்தியானப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் குறுக்கே போய் அவற்றை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

"நான் செஞ்ச தண்ணி உனக்கு எரியலையா?"

அவள் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"எரிஞ்சுது."

"நாலு மாசமா ஏன் சொல்லலை?"

"ரிட்டயர் ஆகி வந்ததிலேர்ந்து செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. அந்தக் கொட்டையைப் பிசையறப்பதான் பழையபடி பாட்டெல்லாம் பாடுனீங்க. அதை எப்படிக் கெடுக்கறது?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. முகத்தை அவளுக்குக் காட்டாமல் குழாயடியில் உட்கார்ந்து மீன்சட்டியை இழுத்தார்.

சௌந்தரம் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அவர் தேய்ப்பதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"அடியில இன்னும் போகலை பாருங்க," என்றாள்.