ஏழாம் எண் சென்சாரின் ஊர்

ஐம்பதாவது வயதில் தனிஸ்லாஸ் சீடரானார். அவருடைய குரு பரிமளத்துக்கு வயது முப்பத்தாறு.

ஆற்றுத் தண்ணீரைக் கண்காணிக்கும் சின்ன அலுவலகம் அது. கரையோர ஊர்களில் சென்சார் நடுவதும் பழுது பார்ப்பதும் தனிஸ்லாஸின் வேலையாக இருந்தது. முழங்கால் தேய்ந்ததும் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தார். சென்சார்கள் அனுப்பும் எண்களை டேட்டாபேஸில் சேர்த்து வைப்பது எப்படி என்று பரிமளம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

முதன்முதலாகத் தனிஸ்லாஸ் தானாகவே இரண்டு அட்டவணைகள் அமைத்தார். ஒன்றில் சென்சாரின் எண்ணும் அது நிற்கும் ஊரும். இன்னொன்றில் சென்சாரின் எண், நேரம், சாயக்கழிவு கலந்தால் தண்ணீரில் ஏறும் உப்பின் அளவு.

"ஒவ்வொரு அளவுக்கும் ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம் பாருங்க மேடம்," என்றார் பெருமையாக.

பரிமளம் அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்தார். "நல்லாருக்கு சார்."

மூன்று வருடம் அது குறையில்லாமல் ஓடியது.

ஐப்பசி மழையில் நாவலோடைக் கரை சரிந்தது. அங்கே நின்ற ஏழாம் எண் சென்சாரைக் கழற்றி, ஆற்றில் பதினைந்து கிலோமீட்டர் மேலே, கொல்லன்மேட்டில் நட்டார்கள். தனிஸ்லாஸ் ஏழுக்கு நேரே இருந்த 'நாவலோடை' என்ற சொல்லை அழித்துவிட்டு 'கொல்லன்மேடு' என்று அடித்தார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து நாவலோடையிலிருந்து ராசக்கிளி என்ற பெண் வந்தார். சாயக்கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தே தன் புருஷனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று வழக்குப் போட்டிருந்தார். மறுநாள் விசாரணை. மூன்று வருடத்து அளவுகளையும் அச்சடித்துக் கேட்டார்.

தனிஸ்லாஸ் ஊர்ப் பேரை அடித்தார். திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

"நாவலோடையில சென்சாரே இருந்ததில்லைன்னு காட்டுது," என்றார்.

"என்ன சார் சொல்றீங்க? தினமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதானே துணி துவைச்சேன்!"

தனிஸ்லாஸ் கொல்லன்மேடு என்று அடித்தார். திரை நிரம்பி வழிந்தது. மூன்று வருடத்து உப்பு. கொல்லன்மேட்டின் நல்ல தண்ணீரை அவரே எத்தனையோ முறை கையால் அள்ளிக் குடித்திருக்கிறார்.

அப்போது ஃபோன் அடித்தது. கொல்லன்மேட்டு ஊராட்சித் தலைவர்.

"எங்க ஊர்ல மூணு வருஷமா உப்புன்னு நீங்க அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, காலையில எங்க தண்ணித் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க குடிக்கத் தண்ணி இல்லாம நிக்குதுங்க. நாங்க என்னய்யா பாவம் பண்ணோம்?"

தனிஸ்லாஸ் ஃபோனைப் பரிமளத்திடம் நீட்டினார். பரிமளம் ஃபோனை வாங்கினார்.

"தப்பு எங்களோடதுங்க. ஒரு மணி நேரத்துல எழுத்துல தர்றேன். பூட்டைத் திறக்கச் சொல்றேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதாக ஓர் அட்டவணை அமைத்தார். எந்த சென்சார், எந்த ஊரில், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. ஏழாம் எண்ணுக்கு இரண்டு வரிகள் எழுதினார். நாவலோடையின் மூன்று வருடமும் நாவலோடைக்குத் திரும்பி வந்தது.

ராசக்கிளி தாள்களை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று தனிஸ்லாஸை ஒருமுறை பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

தனிஸ்லாஸ் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒரு சொல்லைத்தானே மேடம் மாத்தினேன்? பொய்யா எதுவும் எழுதலையே. சென்சார் இப்போ கொல்லன்மேட்டுலதானே நிக்குது?"

"ஆமா சார். நானும் அன்னைக்குப் பார்த்துட்டு நல்லாருக்குன்னுதானே சொன்னேன்."

பரிமளம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"சார், உங்க அப்பா எங்க இறந்தார்?"

"கடல்ல மேடம். முட்டத்துக்கு மேற்கே. வள்ளம் கவிழ்ந்து."

"அதுக்கு அப்புறம் நீங்க இந்த ஊருக்குக் குடிவந்தது?"

"அது ஆச்சு, இருபத்தஞ்சு வருஷம்."

"வந்ததும் ரேஷன் கார்டுல விலாசத்தை மாத்தினீங்களா?"

"மாத்தினேன்."

"கார்டுல இப்போ இருக்கற இந்த ஊர்ல கடல் இல்லையே சார். அப்போ உங்க அப்பா எந்தத் தண்ணியில மூழ்கினார்?"

தனிஸ்லாஸ் புதிய அட்டவணையில் 'எந்தத் தேதி வரை' என்ற தலைப்பின் மேல் விரலை வைத்தார். "அப்போ எங்க விலாசம் வேற மேடம்," என்றார்.