உள்வாய் விதைப்பு

அன்று மடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மடத்துத் தாயார் ஒருவர், வயது நாற்பது. களத்தில் தானியம் அளக்கும் பேச்சிமுத்து, வயது ஐம்பத்தாறு. அவர் மனைவி சுடலி. மூத்த மகள் பிச்சம்மாள்.

வாசலில் வண்டி நின்றது. அதில் முப்பத்திரண்டு மரக்கால் சோளம். ஊர் பேச்சிமுத்துவுக்கு அளக்கும் வருஷக் கூலி அவ்வளவுதான். கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

"விதைக்குத் திருநீறு போட்டுக் குடுங்க தாயே. எல்லாத்தையும் குளத்து உள்வாயில விதைக்கப் போறேன்," என்றார் பேச்சிமுத்து.

"போன வருஷமும் அதைத்தானே செஞ்சீங்க?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தார். போன ஆடியிலும் வற்றிய குளத்துத் தரையான உள்வாயில் கூலி முழுவதையும் விதைத்தார். வண்டல் மண், பயிர் ஆளுயரம் வந்தது. புரட்டாசியில் பெய்த மழையில் குளம் நிரம்பிப் பயிர் முழுகியது. அப்புறம் பனங்கிழங்கும் புளியங்கொட்டையுமாக நாள் கழிந்தது.

"ஆனா கணக்கு தப்பலை தாயே. பத்து வருஷத்துல ஒம்பது வருஷம் அறுத்த பிறகுதான் மழை வருது. நான் எண்ணி வச்சிருக்கேன்."

"அந்த ஒம்பது வருஷமும் விதைச்சவன் வேற ஆளு," என்றாள் சுடலி. "இவரு அளந்து குடுத்தாரு."

பேச்சிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை.

"கெட்ட வருஷம் ஒண்ணு. அதுதான் போன வருஷமே போயிருச்சே. இனி ஒம்பதுதான பாக்கி?"

"குளத்துக்கு அது தெரியுமா?" என்றார் தாயார்.



தை வரைக்கும் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தாயார் கேட்டார். ஆளுக்கு எட்டு மரக்கால் என்றார் பேச்சிமுத்து. அதைச் சொல்ல அவர் யோசிக்கவே இல்லை.

"அதை முதல்ல அளந்து வையுங்க. திருநீறு அப்புறம்."

பேச்சிமுத்து முற்றத்தில் பாயை விரித்து, மூட்டைகளை இறக்கி அளந்தார். அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லித் தொடங்குவதில்லை. முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர்.

"லாபம். ரெண்டு. மூணு."

எட்டு வந்ததும் ஒரு குவியல். அது சுடலிக்கு.

"லாபம். ரெண்டு."

அது பிச்சம்மாளுக்கு.

மூன்றாவது தனக்கு.

மீதியையும் அளந்தார். லாபம் என்று தொடங்கி எட்டில் நின்றது. சாக்கை உதறினார். ஒரு மணிகூட விழவில்லை.

அவர் முகம் தெளிந்தது.

"நல்ல யோசனை தாயே. இந்த எட்டை மட்டும் விதைக்கிறேன். முழுகினாலும் எங்க சோத்துக்குக் குறைவில்லை."

தாயார் அந்த நாலாவது குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல முதல் மரக்காலுக்கு என்ன பேரு சொன்னீங்க?"

"லாபம்."

"எங்கேருந்து வந்தது?"

அது தொழிலில் சொல்லும் வார்த்தை, முதல் அளவையை ஒன்று என்று சொன்னால் களத்துக்கு ஆகாது என்று அவர் விளக்கினார்.

"வார்த்தையைக் கேட்கலை. இந்தச் சோளத்தைக் கேட்டேன். எப்படி மிஞ்சிச்சு?"

பேச்சிமுத்து விரல் மடக்கினார். கூலி கூடவில்லை. ஒரு விரல். விளைச்சல் வரவில்லை. இரண்டாவது விரல். யாரும் கொடுக்கவில்லை. மூன்றாவது.

நாலாவது விரல் பாதி மடங்கி நின்றது.

"சொல்லுங்க," என்றாள் சுடலி. பேச்சிமுத்து கையைக் கீழே இறக்கினார். அவள் தாயார் பக்கம் திரும்பினாள்.

"போன மார்கழி வரைக்கும் நாங்க நாலு பேரு தாயே. சின்னவ செல்லி. ஒம்பது வயசு. கடைசி ரெண்டு நாளும் சோளக்கஞ்சி கேட்டா."

பிச்சம்மாள் எழுந்து மூன்று குவியல்களையும் சாக்கில் அள்ளிக் கட்டினாள். ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினாள்.

பாயில் மிஞ்சியது எட்டு மரக்கால்.